பத்மினிக்கு எந்த எண்ணெய்?

தலைக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்று கேட்டால் நம் வீடுகளில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பழைய காருக்கு எந்த எஞ்சின் ஆயில் என்று கேட்டாலும் அப்படித்தான். "இருப்பதிலேயே விலை உயர்ந்ததை ஊற்றுங்கள், ஸார்" என்பார் ஒருவர். "எதை ஊற்றினால் என்ன, சப் சல்தா ஹை" என்பார் மூலைக்கடை மெக்கானிக். இரண்டும் சரியில்லை என்பது பல ஆண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் கையைக் கறுப்பாக்கிக்கொண்ட அடியேனின் கட்சி.

மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் ஃபியட்தான். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்று உருவான வண்டி, எழுபதுகளில் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, பின்பு பிரீமியர் பத்மினி ஆயிற்று. புத்தாயிரம் பிறந்ததை ஒட்டித் தயாரிப்பு நின்றது. டாக்ஸியாகப் பதிவான கடைசி பத்மினி 2003 அக்டோபரில் பதிவாகி, இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விடைபெற்றது.

காலி-பீலி டாக்ஸிகள் ஓடியவரை உதிரி பாகங்களுக்குக் கவலை இருக்கவில்லை. உடைத்து விற்ற டாக்ஸியிலிருந்து ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அந்த ஊற்று இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. பழைய சாமான் கடையில் கிடைக்கும் கேம்ஷாஃப்ட்டும் முக்கால்வாசி தேய்ந்ததாகவே இருக்கும். எனவே அப்பா ஓட்டிய வண்டியைப் பேரனும் ஓட்ட வேண்டுமானால், இருக்கிற பாகங்களைத் தேயாமல் காப்பது ஒன்றே வழி. அதற்கு முதல் காவல், எஞ்சினுக்குள் ஊற்றும் எண்ணெய்.

உள்ளே நடப்பது என்ன?

பத்மினியின் எஞ்சின் நான்கு ஸிலிண்டர், 1089 ஸி.ஸி. பழைய பெட்ரோல் அம்பாசடரின் எஞ்சின் 1489 ஸி.ஸி. இரண்டிலும் கேம்ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. அது சுழலும்போது அதன் முட்டை வடிவ மேடுகள் டாப்பெட்டுகளைத் தள்ள, அவை புஷ்ராடுகளைத் தள்ள, மேலேயுள்ள ராக்கர்கள் வால்வுகளைத் திறக்கின்றன. டாப்பெட்டின் அடிப்பரப்பு தட்டையானது. கேம் மேடு அதன்மேல் உருள்வதில்லை, உரசிக்கொண்டே போகிறது. இரண்டும் தொடும் இடமோ ஒரு கோடு அளவுதான். வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டில் வந்து இறங்குகிறது. எண்ணெய்ப் படலம் அங்கே நிற்க முடியாமல் பிதுங்கிவிடும்.

அந்த இடத்தைக் காப்பது எண்ணெயில் கலந்திருக்கும் ஒரு மருந்து. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. ஸெட்.டி.டி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள்; கடைக்காரர் பாஷையில் வெறும் 'ஸிங்க்'. சூடும் அழுத்தமும் சேருமிடத்தில் இது சிதைந்து உலோகத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. தேய்வது அந்தப் பூச்சு, இரும்பு பிழைத்துக்கொள்கிறது.

மருந்து ஏன் குறைந்தது?

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் காடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் அந்தக் கருவிக்குப் பாஸ்பரஸ் ஆகாது. எஞ்சின் எரிக்கும் சிறிதளவு ஆயிலோடு பாஸ்பரஸும் போய் அதன்மேல் படிந்து, அதைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே ஆயில் தர நிர்ணயம் செய்பவர்கள் பாஸ்பரஸைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், மெல்லிய ரக ஆயில்களில் அது 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றாயிற்று. 2020-ல் வந்த எஸ்.பி. தரத்திலும் அதே வரம்புதான். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் கேம் மேடு சிறு உருளையின் மீது உருண்டு போவதால் அவற்றுக்கு இது போதும். பத்மினிக்குப் போதாது.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற 'மஸில் கார்' வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். எட்டு ஸிலிண்டர், சுமார் 6.4 லிட்டர் எஞ்சின். கொள்ளளவில் நம் பத்மினியைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆனால் உள்ளே அதே தட்டை டாப்பெட், அதே உரசல். அங்கே பழைய கார்களுக்கென்றே துத்தநாகம் கூடுதலாகக் கலந்த ஆயில்கள் தனியாக விற்பனையாகின்றன. நம் ஊரில் நாம்தான் டப்பாவைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டப்பாவில் படிக்க வேண்டியவை

முதலாவது, கெட்டித்தன்மை. 20டபிள்யூ-50 என்று போட்டிருந்தால், 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டும்; எண் சிறிதானால் இளக்கம் அதிகம். பின்னால் உள்ள 50, எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது உள்ள கெட்டித்தன்மை. இன்றைய கார்களுக்கு வரும் 0டபிள்யூ-20 ஆயில், இன்றைய எஞ்சின்களின் நுண்ணிய இடைவெளிகளுக்கு ஏற்றது. அதைப் பழைய பத்மினியில் ஊற்றினால் தேய்ந்த பேரிங்குகளின் வழியே ஓடிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். விலை மூன்று மடங்கு என்பதற்காக அது நல்ல ஆயில் ஆகிவிடாது.

மும்பையிலோ சென்னையிலோ 0டபிள்யூ தேவைப்படும் குளிர் ஏது? நிறைய ஓடிய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். புதிதாக ஓவர்ஹால் செய்து இறுக்கமாக இருக்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 போதும். டில்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜனவரிக் காலையில் 15டபிள்யூ-40 சுலபமாக ஸ்டார்ட் ஆகும். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதன் பேச்சே முதல் பேச்சு.

இரண்டாவது, ஏ.பி.ஐ. எழுத்துகள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. 'ஸி' என்று தொடங்கினால் டீஸலுக்கு. பாஸ்பரஸ் வரம்பு 30-ம் அதற்குக் கீழும் உள்ள மெல்லிய ரகங்களுக்கே என்று சொன்னேன் அல்லவா? 20டபிள்யூ-50 அதற்குள் வராது. ஆனாலும் வரம்பு இல்லை என்பதால் மருந்து தாராளமாக இருக்கும் என்று பொருளில்லை. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளைக் கேட்டு வாங்கி, பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸி.ஐ.-4, எஸ்.எல். என இரண்டு தரமும் சேர்த்து அச்சிட்ட 15டபிள்யூ-40 டீஸல் ஆயிலும் பல பழைய பெட்ரோல் கார்களுக்கு ஒத்துப்போகிறது. தனியாக 'ஸிங்க்' பாட்டில் வாங்கிக் கண்மூடித்தனமாக ஊற்ற வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் இந்த மருந்தே உலோகத்தை அரிக்கும்.

பிந்திய ஆண்டுகளில் வாங்கி, கன்வெர்ட்டர் பொருத்திய வண்டியானால் 0.10-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சிந்தெடிக்கா, மினரலா? சிந்தெடிக் ஆயில் பழைய காருக்கு விஷம் என்று ஒரு பேச்சு உண்டு. கெட்டித்தன்மையும் மருந்தும் சரியாக இருந்தால் தடை ஒன்றும் இல்லை. ஆனால் மாதாமாதம் தரையில் கோலம் போடும் எஞ்சினுக்கு விலை உயர்ந்த சிந்தெடிக் எதற்கு? நல்ல மினரல் ஆயிலைக் காலத்தில் மாற்றினாலே போதும்.

ஆயில் மாற்றும்போது

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வரும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் சம்ப்பில் இறங்கி ஆயிலைக் கெடுக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பேட்டரிக்காக இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட, வாரம் ஒருமுறை அரை மணி ஓட்டுவது மேல்.

வெகுநாள் நின்ற வண்டியில் அழுக்கு நீக்கும் சக்தியுள்ள புது ஆயில் ஊற்றினால், பழைய கசடு கரைந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கக்கூடும். முதல் முறை சுமார் 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

புதுக் கேம்ஷாஃப்ட் போட்டால் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விடக் கூடாது. சுமார் 2000 சுற்று வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டினால்தான் மேடும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும். ஒரு கேம்ஷாஃப்ட்டின் ஆயுள் அந்த இருபது நிமிஷத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

போலி ஆயில் எங்கும் உண்டு. ஸீல் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காலி டப்பாவைக் குத்திக் கிழித்த பிறகே கபாடிவாலாவிடம் கொடுங்கள். அதே டப்பா கலப்பட ஆயிலோடு திரும்பி வரக்கூடும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இன்னொரு சங்கதி. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து, அசல் நிலையில் பேணப்பட்ட வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவு பெறலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே அந்தப் பதிவு. தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1974-ல் வாங்கிய பத்மினி அந்த வயதைத் தாண்டிவிட்டது. கேம் போயிற்று என்று வேறு எஞ்சினை மாட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடலாம்.

ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயிலின் ரகம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்தமுறை பானட்டைத் திறப்பவர் உங்கள் மகளாகவோ மருமகனாகவோ இருக்கலாம். மூலைக்கடையில் நின்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இராது.