சிசேரியன் குழந்தைகளுக்குத் தாயின் நுண்ணுயிர்கள் கிடைக்குமா? தாய்ப்பாலின் பங்கு என்ன?

பிறந்த குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் பாக்டீரியாக்களில் பெரும் பகுதி தாயிடமிருந்தே வருகிறது. சிசேரியன் பிரசவத்தால் இந்தப் பரிமாற்றம் குறைந்தாலும், அந்த இழப்பின் ஒரு பகுதியைத் தாய்ப்பால் ஈடுசெய்யும் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

நாட்டில் நிகழும் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன் முறையில் நடைபெறுவதாக 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கூறுகிறது. தனியார் மருத்துவமனைகளில் இது 47.4 சதவீதமாகும்.

பிரசவ முறையால் ஏற்படும் மாற்றம்

சுகப்பிரசவத்தின்போது தாயின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் குழந்தையைச் சென்றடைகின்றன. சிசேரியனில் இந்த வழி தடைபடுகிறது. அறுவை சிகிச்சைக்காகத் தாய்க்கு அளிக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் நன்மை தரும் பாக்டீரியாக்களைக் குறைக்கக்கூடும்.

பிரிட்டனில் 596 குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், சிசேரியன் குழந்தைகளின் குடலில் 'பாக்டீராய்டஸ்' வகை பாக்டீரியாக்கள் மிகக் குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் பரவும் 'என்டரோகாக்கஸ்', 'கிளெப்சியெல்லா' போன்றவை அதிகமாகவும் இருந்தது தெரியவந்தது. குழந்தைகள் வளரும்போது இந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது. எனினும், பாக்டீராய்டஸ் பற்றாக்குறை பல மாதங்கள் நீடித்தது.

மாற்று வழி

நெதர்லாந்தில் 120 தாய்-சேய் இணைகளிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. பிரசவ முறை எதுவாயினும், குழந்தையின் நுண்ணுயிர்த் தொகுப்பில் சராசரியாக 58.5 சதவீதம் தாயின் உடலின் ஏதேனும் ஒரு பகுதியிலிருந்து வந்ததாகக் கணக்கிடப்பட்டது. சிசேரியன் குழந்தைகளுக்குத் தாயின் குடலிலிருந்து குறைவாகவும், தாய்ப்பாலிலிருந்து கூடுதலாகவும் நுண்ணுயிர்கள் கிடைத்திருந்தன.

தாய்ப்பாலில் உள்ள ஒருவகை சிக்கலான சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை 'பிஃபிடோபாக்டீரியா' என்னும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அந்த பாக்டீரியாக்கள் உருவாக்கும் அமிலங்கள், நோய்க்கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன.

ஒடிஸாவில் கிடைத்த சான்று

தொடக்க கால குடல் பாக்டீரியாக்களின் முக்கியத்துவத்துக்கு ஒடிஸா கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட ஆய்வு சான்றாகிறது. தாய்ப்பால் குடித்து வந்த சுமார் 4,500 பச்சிளங்குழந்தைகள் இதில் பங்கேற்றனர். நன்மை தரும் ஒருவகை லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் சர்க்கரையும் 7 நாள்கள் அளிக்கப்பட்ட குழந்தைகளிடம், ரத்தத்தில் தொற்று அல்லது உயிரிழப்பு ஏற்படும் விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்ததாக 2017-இல் அறிவிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

தாய் அல்லது சேயின் உயிரைக் காக்கத் தேவைப்படும் சிசேரியனைத் தவிர்க்க இது காரணமாகாது. தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தையின் மீது தடவும் முறையை, தொற்று அபாயம் கருதி, ஆராய்ச்சிக்கு வெளியே மேற்கொள்ள வேண்டாம் என அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் அறிவுறுத்தியது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்கி, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே அளிக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தேன், சர்க்கரைத் தண்ணீர் ஆகியவை கூடாது. ஆனால், இந்தியாவில் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு. சிசேரியன் முடிந்து தாய் மயக்கம் தெளிந்தவுடன் குழந்தையை அவரது மார்போடு சேர்த்து அணைக்கச் செய்வதும், பால் புகட்ட செவிலியர்களும் குடும்பத்தினரும் உதவுவதும் இந்த இடைவெளியைக் குறைக்கும்.