‘இல்லை’ என்று எழுத என் கை வரவில்லை!

என் கணவர் அரசு பஸ் டிரைவராக 31 வருடம் வேலை பார்த்தவர். பாதி சர்வீஸ் கொடைக்கானல் மலைப்பாதையில்தான் போனது. ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. போன வருடம் 60 வயது முடிந்து ரிட்டயர் ஆனார். மாலையும் சால்வையுமாக வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும், ‘அப்பாடா! இனி விடியற்காலை 2 மணிக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டாம். மழை பெய்தால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்’ என்று நிம்மதியாக இருந்தது.

நாலு மாதம்கூட ஆகவில்லை. “ஹெவி லைசென்ஸ் முடியப் போவுது, புதுப்பிக்கணும்” என்றார்.

“இனி எதுக்குங்க அது?” என்றேன்.

“பஸ், லாரி ஓட்டுற லைசென்ஸை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். விட்டா போச்சு. கையில கிடக்கட்டுமே!”

மகனும், “அம்மா, அது அப்பாவோட டிகிரி மாதிரி. இருந்துட்டுப் போகட்டும்” என்றான். சரி, ஒரு அட்டைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் உள்ள ஒரு நூல் மில்லில், ஷிப்டுக்கு வரும் பெண் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். மகள் கல்யாணக் கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதால், என்னிடம் சொல்லாமலே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். இதையும் என்னிடமே கொடுத்தார். உடல் தகுதி பற்றி அவரே உறுதி கூறும் தாள் அது. அதில் ஒரு கேள்வி: வலிப்போ, திடீரென நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா?

“இல்லைன்னு போடு” என்றார் சாதாரணமாக.

எனக்குப் பேனா ஓடவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆறு மாதத்தில் இரண்டு முறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை ரேஷன் கடை வரிசையில். இன்னொரு முறை எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லருகே. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டேன்.

“அது சாப்பிடாம இருந்ததால வந்தது. இதைப் போய் எழுதுவாங்களா?” என்றார்.

“4 மணி வண்டிக்கு என்னத்த சாப்பிட்டுட்டுப் போவீங்க? அந்த பஸ்ல நம்ம பொண்ணு உட்கார்ந்திருந்தா, ‘இல்லை’ன்னு போடச் சொல்வீங்களா?”

படிவத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. இந்த வீடும், பிள்ளைகள் படிப்பும் அந்த லைசென்ஸ் போட்ட சோறுதானே? அதை நானே தட்டிவிட்டேனே என்று அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில், “கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம். நீயே எல்லாத்தையும் சொல்லு” என்றார்.

சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை இறங்கத்தான் செய்யும். ஸ்டியரிங் பிடிக்கிறப்ப இறங்கினா என்ன ஆகும்? இப்ப நான் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன். சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஒழுங்குக்கு வரட்டும். மயக்கம் வராம சில மாசம் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்” என்று மாத்திரையின் அளவையும் மாற்றிக் கொடுத்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்ததில், லைசென்ஸ் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றும், அதையும் தாண்டினால்தான் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் தெரிந்தது. அவசரப்பட வேண்டியதே இல்லை! ஆனால் முடிந்த பிறகு, புதுப்பிக்கும் வரை அந்த வண்டியை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019-ல் சட்டம் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மயக்கமும் வரவில்லை. கெடு முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. போன வாரம் நானே படிவத்தை எடுத்து வைத்து, “நிரப்பட்டுமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேண்டாம்மா. அடுத்தவங்க பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு, மனசுல சந்தேகத்தோட ஓட்டக் கூடாது. கடனைப் பென்ஷன்லயே மெல்ல அடைச்சுடலாம்” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பழனிக்கு பஸ்ஸில் போனோம். டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தானாக பிரேக்கை அழுத்தியது. நான் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சகோதரிகளே! டிரைவர் வேலை பார்க்கும் கணவர் ரிட்டயர் ஆகும்போது, லைசென்ஸ் முடியும் தேதியையும் பார்த்து வையுங்கள். ஒரே அட்டையில் கனரக வண்டிக்கு ஒரு தேதி, சொந்த கார், பைக்குக்கு வேறு தேதி இருக்கும். ஹெவியை விட்டுவிட்டாலும் மற்றதை அதன் தேதிக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பது அவரவர் உடம்பையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதுகிற ஒரு வார்த்தைக்கு, வண்டியில் ஏறுகிற எல்லாரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

– ஒரு டிரைவரின் மனைவி, திண்டுக்கல்