மூச்சிரைக்கும் கர்ப்பிணிக்கு முதலில் எக்கோ

“மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்?” நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சரி, சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் தூக்கம் வருகிறது, இருமினால் சளியில் ரத்தம் தெரிகிறது என்றால் எக்கோ ஸ்கேன் எடுத்து இதயத்தைப் பார்த்தாக வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இதய நோயுள்ள தாய்மார்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவு செய்தார்கள். அவற்றில் 60.5 சதவீதத்தில், நோய் இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் தெரியவந்தது. 42 சதவீதத்தில் இருந்தது, சிறுவயது ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வுக் கோளாறு. 20 தாய்மார்கள் இறந்துபோனார்கள்.

இப்படிப் பாதிக்கப்படும் இதயத்தின் மைட்ரல் வால்வு, இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். ஒன்றரைக்குக் கீழே சுருங்கினால் நோய் கடுமையானது. கர்ப்பத்திலோ ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. அத்தனை ரத்தமும் அந்தக் குறுகிய வாசலைக் கடக்க நேரம் வேண்டும். இதயம் படபடத்தால் நேரம் போதாது. ரத்தம் நுரையீரலில் தேங்கும்.

வழக்கமான சிசேரியனுக்கு முதுகில் ஒரே ஊசி. சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே மரத்துவிடும். ரத்த அழுத்தமும் சட்டென இறங்கும். நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும், சுருங்கிய வால்வுள்ள இதயத்தால் முடியாது. அதனால் மயக்க மருத்துவர் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயைச் செருகி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் பார்த்தபடியே, முதுகில் செருகிய எபிடியூரல் குழாய் வழியாக மருந்தைச் சில மில்லிலிட்டராகப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறார். குளிர் ஸ்பிரே அடித்து, மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த அளவு. அவசரத்தில் இதைச் செய்ய முடியாது. செயற்கை வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்பவர் என்றால், கடைசி ஊசியின் நேரத்தைப் பொறுத்து முழு மயக்கமே கதி என்றாகலாம்.

குழந்தை வெளியே வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் உச்ச ஆபத்து அப்போதுதான். சுருங்கும் கருப்பை சுமார் அரை லிட்டர் ரத்தத்தை ஒரேயடியாக இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினையும் வேகமாக ஏற்றினால் அழுத்தம் சரியும், துடிப்பு எகிறும். ஆகவே பம்ப் வைத்து மெதுவாகவே ஏற்றுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளும் தீவிரக் கண்காணிப்பு.

இதய நோய் என்றாலே சிசேரியன் என்பதும் தவறு. பலருக்குச் சுகப்பிரசவமே பாதுகாப்பு.

நோயாளி மயக்க மருத்துவரை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் தியேட்டர் மேசையில்தான். இந்தத் தாய்மார்களுக்கு அது மிகவும் தாமதம். இதயம், மகப்பேறு, மயக்கவியல் மூன்று துறைகளும் ஒரே இடத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மர் நெய்வேலிக்கு எட்டாத தூரமல்ல. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட பெண் உங்கள் வீட்டில் கருவுற்றிருந்தால், முதல் செக்கப்பிலேயே அதைச் சொல்லி எக்கோ எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால், வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையைக் கர்ப்ப காலத்திலேயே செய்ய முடியும்.