வாழும்போதே பாடிய பாடாண்

புலவன் இறந்தபின்னும் அவன் பாட்டு ஏட்டில் இருக்கும். சிற்பி மறைந்தபின்னும் அவன் செதுக்கிய கல் நிற்கும். மேடையில் நின்று மக்களைச் சிரிக்கவைத்தவனுக்கு எஞ்சுவது யாது? அவன் சொன்ன சொல்லைப் பிறர் எழுதி வைக்கலாம். அச்சொல்லுக்கு முன் அவன் விட்ட ஒரு நொடி மௌனத்தை எழுதி வைத்தல் எவராலும் இயலாது. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். உலகமோ நகையை விளைவிக்கும் கலைஞனைப் பெரும்பாலும் வரிசையின் கடைசியிலே வைத்திருக்கின்றது.

இக்குறையை ஒருவாறு நிரப்ப முயன்ற கருவி தொலைக்காட்சி ஆகும். சிறப்பாக அமெரிக்க நாட்டில், மேடைக் கலைஞரையும் நகைச்சுவைக் கலைஞரையும் ஒருங்கு கூட்டிக் காட்டும் பல்சுவை நிகழ்ச்சிகளும், அவருள் மூத்தோரைப் பாராட்டும் சிறப்பு நிகழ்ச்சிகளும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வந்துள்ளன. இலக்கண இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் இவற்றைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஒருவரை எப்படிப் புகழ்வது, எப்பொழுது புகழ்வது என்பன நம் புறத்திணை நூல்கள் எழுப்பிய பழைய வினாக்கள். அவ்வினாக்களுக்கு அந்நிகழ்ச்சிகள் தரும் விடை நாம் எண்ணிப் பார்த்தற்கு உரியது.

ஊர்சுற்றிய மேடையும் வீட்டுக்கு வந்த பெட்டியும்

தொலைக்காட்சி தோன்றுமுன் அமெரிக்காவில் ‘வோடவில்’ என்னும் மேடை வகை ஓங்கி நின்றது. பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, மாயவித்தை, நகைச்சுவைப் பேச்சு என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உருப்படிகள் ஒரே மாலையில் அடுத்தடுத்து அரங்கேறும். ஒரு நகைச்சுவைக் கலைஞன் சில நிமிட உருப்படியொன்றைச் செதுக்கிச் செப்பஞ்செய்து கொள்வான். அதனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வான். ஓர் ஊரார் கேட்டதை அடுத்த ஊரார் கேட்டிலர் ஆதலின், அவ்வொரு முதலைக்கொண்டே அவன் பல ஆண்டு பிழைத்தல் கூடும்.

வானொலியும் பேசும்படமும் இம்மேடையைச் சாய்த்தன. வோடவில் கலைஞர் தம் கோயிலெனக் கருதிய நியூயோர்க் ‘பலஸ்’ அரங்கு 1932 ஆம் ஆண்டிற் படக்கொட்டகையாயிற்று. இடமிழந்த கலைஞர்க்கு 1948 இல் மற்றொரு வாயில் திறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மில்ரன் பேர்ள் என்னும் நகைச்சுவைக் கலைஞர் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலும், எட் சலிவன் என்னும் பத்திரிகையாளர் மற்றொன்றிலும் பல்சுவை நிகழ்ச்சி தொடங்கினர். சலிவனுக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது. எவரை எவர்க்குப்பின் நிறுத்தவேண்டும் என்பது தெரியும். ஞாயிறுதோறும் நடந்த அவரது நிகழ்ச்சி 1971 வரை நிலைத்தது.

ஆயினும் வந்த வாழ்வோடு ஒரு கேடும் வந்தது. இருபது ஆண்டு உழைத்துக் கூர்மைப்படுத்திய உருப்படியை நாடு முழுவதும் ஒரே இரவிற் கண்டுவிடும். மறுநாள் அது பழங்கதை. ஊர்சுற்றிய காலத்தில் வற்றாக் கிணறாக இருந்தது தொலைக்காட்சியில் ஒரே இறைப்பில் வறண்டது. ஆகவே, புதுச் சரக்கு குறைந்த மூத்த கலைஞர்க்குத் தொலைக்காட்சியிற் பொருந்திய இடம் யாது என்ற வினா எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே பாராட்டு நிகழ்ச்சி. உருப்படி தீர்ந்தாலும் ஆள் தீர்வதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வே ஓர் உருப்படியாக மேடையேறியது.

வறுத்தெடுக்கும் புகழ்

இப்பாராட்டு வகைகளுள் ஒன்று நம் மாணாக்கர்க்குப் பெரிதும் சுவை தரும். அதன் பெயரே ‘வறுத்தல்’ என்பது. 1904 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தோன்றிய ‘பிரையர்ஸ்’ என்னும் கலைஞர் கழகத்தார் வளர்த்த வழக்கம் இது. பாராட்டப்படுபவரை நடுவே இருத்தி, நண்பர் ஒவ்வொருவராக எழுந்து அவரை ஏசுவர். அவருடைய கஞ்சத்தனத்தையும், குடியையும், முதுமையையும், குரலையும் கேலி செய்வர். ஏச்சு முற்ற முற்ற அவையினர் சிரிப்பும் முற்றும். இறுதியில் அவர் எழுந்து எல்லாரையும் திருப்பி ஏசுவார். வசைபாடுதலை ‘வறுத்தெடுத்தல்’ என்று நாமும் வழங்குகின்றோம் ஆதலின், இப்பெயரை நமக்கு விளக்க வேண்டுவதில்லை.

பாடகரும் நடிகருமாகிய டீன் மார்ட்டின் இவ்வழக்கத்தைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தார். 1974 முதல் 1984 வரை அவர் தலைமையிற் பல சிறப்பு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. ஜக் பெனி, பொப் ஹோப், சமி டேவிஸ் முதலிய பெருங்கலைஞர் அவற்றில் ‘வறுபட்டனர்’.

பழிப்பதுபோலப் புகழ்தலை நம்மவர் வஞ்சப்புகழ்ச்சி என்பர். புகழ்வதுபோலப் பழித்தலும் அப்பெயரே பெறும். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடந் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன என்றும், அதியமானின் படைக்கலங்களோ முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றும் பாடினார். மேலே புகழ், உள்ளே எள்ளல். டீன் மார்ட்டின் அவையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. மேலே எள்ளல், உள்ளே புகழ்.

இவ்வகைப் புகழுக்கு ஒரு வலிமை உண்டு. முகத்துக்கு நேரே புகழ்வது கேட்போர்க்குச் சலிப்பூட்டும். புகழப்படுபவர்க்கும் நாணந் தரும். பழிமொழியாற் புகழும்போது அவ்விரு குற்றமும் நீங்குகின்றன. அன்றியும், ஒருவனை இத்துணை ஏசியும் அவன் சினவான் என்று நம்புதற்கு நெடுநாள் நட்பு வேண்டும். அந்நட்பையே அவை காண்கின்றது. ஆனால் அத்தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஒரு பொய்ம்மையும் கலந்திருந்தது. வெவ்வேறு வேளைகளிற் பதிவுசெய்த முகங்களையும் சிரிப்பையும் வெட்டி ஒட்டி, எல்லாரும் ஒருங்கிருந்து சிரித்ததுபோலக் காட்டினர். நட்பின் அடையாளமாகத் தோன்றிய சிரிப்புச் சிலபோது பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட சிரிப்பாயிற்று. எதிரே இருப்பவனின் முகம் நோக்காது ஏசுவது வெறும் ஏச்சேயாகும்.

சப்பாத்துக்கு இட்ட முத்தம்

உண்மையான பாராட்டு எவ்வாறிருக்கும் என்பதற்கு நான் காட்டக்கூடிய சான்று 1989 நவம்பர் 13 ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ‘ஷ்ரைன்’ மண்டபத்தில் நிகழ்ந்தது. சமி டேவிஸ் ஜூனியர் கலையுலகிற் புகுந்து அறுபது ஆண்டு நிறைந்தமைக்காக எடுத்த விழா அது. அதன் பதிவைப் பல ஆண்டுகளின்பின் நான் கண்டேன். இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

சமி டேவிஸ் 1925 டிசம்பர் 8 ஆம் நாள் நியூயோர்க்கில் ஹார்லெம் பகுதியிற் பிறந்தவர். ஏறக்குறைய மூன்று வயதிலே தந்தையாருடனும் வில் மாஸ்டின் என்பாருடனும் வோடவில் மேடையில் ஆடத் தொடங்கினார். பாடுவார், ஆடுவார், நடிப்பார், பிறர் குரலிற் பேசிச் சிரிக்கவைப்பார். 1954 ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் விபத்தில் இடக்கண்ணை இழந்தும் மேடையை விட்டாரல்லர். கறுப்பினத்தவர் ஆதலின் அவர் பட்ட சிறுமைகள் பல. லாஸ் வேகாஸ் நகரத்து விடுதி மேடைகளில் ஆடிப் பெருங்கூட்டத்தைக் கவர்ந்த தொடக்க நாட்களில், அவ்விடுதிகளிலே அவர் இரவு தங்குதற்கு இடமளிக்கப்படவில்லை. ஆடுதற்கு மேடை இருந்தது. உறங்குதற்கு அறை இல்லை.

விழா நடந்தபோது அவர் தொண்டையிற் புற்றுநோய் கண்டிருந்தது. சிகிச்சை பெற்றுவந்தார். அறுபது ஆண்டு பாடிய குரல் அடங்கியிருந்தது. பிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், பொப் ஹோப், எலா பிட்ஸ்ஜெரல்ட், ஸ்டீவி வொண்டர் முதலியோர் வந்தனர். நகைச்சுவை நடிகர் எடி மேர்பி நிகழ்ச்சியை நடத்தினார். மைக்கல் ஜாக்சன் இவ்விழாவுக்கென்றே ஆக்கிய ஒரு பாட்டைப் பாடினார். முன்னே சென்றவர் வாயிலைத் திறந்தமையாலேதான் பின்வந்தோர் உள்ளே புகுந்தனர் என்பது அதன் கருத்து.

இத்தனை பெரியோருள்ளும் என் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர் கிரெகரி ஹைன்ஸ் என்னும் ஆட்டக்கலைஞர். சப்பாத்தின் அடியிற் பதித்த உலோகத் தகடுகள் தரையில் தாளமிட ஆடும் ‘டாப்’ ஆட்டத்தில் வல்லவர் அவர். சிறுபராயத்திலே மேடையேறியவர், சமி டேவிஸை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவர். அவர் மேடையில் ஆடினார். பின், கீழே அமர்ந்திருந்த சமி டேவிஸை நோக்கினார். ஆட்டச் சப்பாத்துகள் கொண்டுவரப்பட்டன. நோயால் மெலிந்திருந்த அம்மனிதர் அவற்றை அணிந்து மேடையேறினார். இளையவர் காலால் ஒன்று கேட்பார். முதியவர் காலால் விடையிறுப்பார். குரல் அடங்கியவர்க்குக் கால் பேசியது. ஆட்டம் முடிந்தது. ஹைன்ஸ் குனிந்து முதியவரின் சப்பாத்தை முத்தமிட்டார்.

இதனினும் மேலாய பாராட்டு உண்டோ? சொற்பொழிவாற் புகழ்ந்தோர் சமி டேவிஸை இருந்த இடத்திலே இருத்திப் புகழ்ந்தனர். ஹைன்ஸ் அவரை எழுப்பினார். அவர் எக்கலையால் பெரியவரானாரோ அக்கலையினாலேயே அவரைப் புகழ்ந்தார்; புகழுக்கு உரியவரையே அப்புகழில் ஒரு பங்காளியாக்கினார். வாஷிங்டன் நகரத்துக் கென்னடி நிலையத்தின் விருது 1978 தொடக்கம் ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருவது. சமி டேவிஸும் 1987 இல் அதனைப் பெற்றார். அவ்விருது விழாவில் பெறுவோர் மேல்மாடத்தில் அமர்ந்திருப்பர், பிறர் பாடியாடுவர். மாட்சிமிக்க மரபுதான். ஆயினும் மாடத்தில் அமர்ந்து பெற்ற புகழுக்கும் மேடையில் நின்று பெற்ற புகழுக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு ஆண்டுகளின்பின் அந்தச் சப்பாத்துகள் அளந்து காட்டின.

பாடாணும் கையறுநிலையும்

அவ்விழா 1990 பெப்ரவரி 4 ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. மே 16 ஆம் நாள் சமி டேவிஸ் காலமானார். அறுபத்து நான்கு வயது. அவருக்குத் துயர்காட்டும் முகமாக லாஸ் வேகாஸ் நகரின் பெருந்தெரு விளக்குகள் பத்து நிமிடம் அணைக்கப்பட்டன. முன்னொரு காலத்தில் அவருக்கு அறை தர மறுத்த நகரம் அது. அவ்விருள் உருக்கமானதே, ஆனால் அதனை அவர் கண்டிலர். ஹைன்ஸ் குனிந்ததை அவர் கண்டார்.

நம் முன்னோர் வாழ்வோனைப் பாடுவதைப் பாடாண் என்றும், இறந்தோனை நினைந்து புலம்புவதைக் கையறுநிலை என்றும் வேறுபிரித்தனர். கபிலர் பாரியை வாழுங்காலத்தும் பாடினார், மாய்ந்தபின்னும் பாடினார். முன்னது இல்லாமற் பின்னது மட்டும் இருந்திருப்பின், அக்கையறுநிலையில் உள்ள உண்மையை நாம் ஐயுறுதற்கு இடமிருந்திருக்கும்.

இக்கருத்தை நான் கூறியபோது உடனாசிரியர் ஒருவர் மறுத்தார். “நோயாளி ஒருவரை விளக்குவெளிச்சத்தில் நிறுத்தி, இடையிடையே விளம்பரம் காட்டிப் பணம் பண்ணுவது பாராட்டா? வந்த பிரபலங்கள் தம்மைக் காட்டத்தானே வந்தார்கள்?” என்று கேட்டார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றிற் புகழ்வோரின் முகமே புகழப்படுவோரின் முகத்தினும் பெரிதாகத் தெரியும். ஆயினும் அவ்விழாவின் வருவாய் கறுப்பின மாணவர் உயர்கல்வி பெற உதவும் நிதியத்துக்கு உரியதாயிற்று என்பதை அவருக்குச் சொன்னேன். அதனினும் முதன்மையாக, நோயாளி என்று ஒதுக்கி இரக்கங்காட்டுவதா, கலைஞர் என்று அழைத்து ஆடச்செய்வதா, இவற்றுள் எது ஒருவரை மதிப்பது என்று வினவினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அவரைக் கேட்டிருந்தால் ஆடுவதைத்தான் சொல்லியிருப்பார்” என்றார்.

காலந்தாழ்த்தலுக்கும் ஒரு சான்று உண்டு. கென்னடி நிலையத்தார் நகைச்சுவைக்கென மார்க் ட்வெயின் பெயரால் ஒரு பரிசை 1998 இல் ஏற்படுத்தினர். முதற்பரிசு பெற்ற றிச்சர்ட் பிரையர் நரம்பு நோயால் தளர்ந்திருந்தும் அதனை நேரிற் பெற்றார். 2008 ஆம் ஆண்டுக்கு ஜோர்ஜ் கார்லின் தெரிவானார். அறிவிப்பு வெளிவந்த சில நாட்களுள், ஜூன் 22 இல், அவர் இறந்தார். நவம்பரில் விழா நடந்தது. நண்பர் கூடி அவர் நகைச்சுவையை நினைவுகூர்ந்தனர். நாற்காலியில் அவர் இல்லை. பாடாணாகத் தொடங்கியது கையறுநிலையாக முடிந்தது.

சிரிக்கவைப்பவனுக்கு நாம் கொடுக்கும் கூலி அவன் காதில் விழும் சிரிப்பொலி. மற்றக் கலைகளுக்குக் காலந்தாழ்த்தியும் கடன் தீர்க்கலாம். நூலை மறுபதிப்புச் செய்யலாம், சிலைக்கு மாலையிடலாம். நகைச்சுவைக் கலைஞனுக்கு உரியதை அவன் கேட்கும்போது கொடுத்தல் வேண்டும். கொடுப்பவன் அக்கலை தெரிந்தவனாயின், கையில் மாலையோடு வரவேண்டுவதில்லை. ஒரு சோடி சப்பாத்தோடு வந்தாற் போதும்.