'உண்மையைத்தானே ஷேர் பண்ணேன்!' - ஒருவரின் பழைய வழக்கை இணையத்தில் பரப்பினால் குற்றமா?

அப்பார்ட்மென்ட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் பெயரில் ஒரு பழைய எஃப்ஐஆர் இருக்கிறது. யாரோ அதை டவுன்லோடு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்கிறார். கேட்டால், "போலீஸ் வெப்சைட்லயே இருக்கு, நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்பதுதான் பதில்.

பொய் இல்லைதான். ஆனால் அது மட்டும் போதுமா?

எஃப்ஐஆர் ஏன் ஆன்லைனில் இருக்கிறது?

எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் மீது என்ன புகார் என்று தெரிந்துகொண்டு, குற்றம்சாட்டப்பட்டவர் கோர்ட்டை நாட வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவருக்காகத் திறந்த கதவு, இன்று அவருக்கு எதிராகவே பயன்படுகிறது. பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளின் எஃப்ஐஆர்களுக்கு இதில் விலக்கு உண்டு.

பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாமா என்ற கேள்விக்கு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே பதில் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், கோர்ட் ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை ஒருவரின் அனுமதி இல்லாமலே வெளியிடலாம் என 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரை மட்டும் வெளியிடக் கூடாது.

அப்போ ஷேர் பண்ணலாமா?

அங்கேதான் சிக்கல். கிரிமினல் அவதூறு வழக்கில் 'உண்மை' என்பது பாதி பதில்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுப்படி, சொன்னது உண்மையாக இருப்பதோடு, பொது நன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கோர்ட் நடவடிக்கையை, தீர்ப்பை உள்ளபடி வெளியிட்டால் விலக்கு உண்டு. ஆனால் எஃப்ஐஆர் தீர்ப்பு கிடையாது. அது போலீஸ் பதிவு செய்த புகார், அவ்வளவுதான். அதைப் போட்டு 'திருடன்' என்று கேப்ஷன் வைத்தால், அந்த வார்த்தை ஷேர் செய்தவருடையது. விடுதலையானதை மறைத்துவிட்டு கைதை மட்டும் பரப்புவதும் அதே ரகம்தான்.

"காசு கொடு, இல்லன்னா உன் ஆபீஸ் குரூப்ல போட்டுடுவேன்" என்றால் கதை வேறு. பெயரைக் கெடுப்பேன் என்பதும் சட்டப்படி மிரட்டல்தான். பணம் கேட்டால் மிரட்டிப் பணம் பறித்தல். குற்றம்சாட்டப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். இளைஞர் நீதிச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பலர் கவனிக்காத இன்னொன்று: எஃப்ஐஆரில் புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இருக்கும். ஒரே ஃபார்வர்டில் அவரும் அம்பலமாகிறார்.

சரி, மிரட்டலும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் ஒருவரின் பழைய தண்டனையை வாரம்தோறும் தேடித்தேடிப் போஸ்ட் போடுகிறார்கள் என்றால்? இங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கான 78-வது பிரிவு, பெண்ணுக்கு ஆண் தரும் தொல்லைக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் அவதூறு வழக்கு என்ற நீண்ட பாதை.

விடுதலையானவர்களுக்கே இன்னும் விடை கிடைக்கவில்லை. அப்பீலில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரினார். 2021-ல் சென்னை ஐகோர்ட் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச், பெயரை மறைக்கச் சொன்னது. தீர்ப்பை நீக்குமாறு 'இந்தியன் கானூன்' தளத்துக்கும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்புகள் பொதுச் சொத்து என்ற வாதமும் லேசானது அல்ல. பெயர்களை அழிக்க ஆரம்பித்தால், செல்வாக்கு உள்ளவர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள்.

உங்களைப் பற்றி இப்படிப் பரவினால், குரூப்பில் சண்டை போடும் முன் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, அனுப்பியவரின் எண் எல்லாவற்றையும் சேமித்துவையுங்கள். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். சம்பந்தப்பட்ட சமூக வலைதளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். மிரட்டல் இருந்தால் நேராக சைபர் கிரைம் போலீஸ்.