உங்களுக்குத் தெரியுமா?

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்துக்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம். அங்குள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்கள்தான் அக்கா சந்திரிகா டாண்டனும் தங்கை இந்திரா நூயியும்.

மேலாண்மை மேற்படிப்புக்கு ஐஐஎம்தான் வேண்டுமென்றால் அன்று வெளிமாநிலம் போயாக வேண்டும்; திருச்சி ஐஐஎம் வந்ததே 2011-ல்தான். அக்கா அகமதாபாத் போனார், தங்கை கல்கத்தா. வேடிக்கை என்னவென்றால், அந்நாளில் ஐஐஎம்கள் தந்தது எம்.பி.ஏ. பட்டமே அல்ல, டிப்ளமோ! பட்டம் வழங்கும் உரிமை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது.

தங்கை பெப்சிகோவின் தலைவரானார். அக்கா, 2025-ல் இசைக்காக கிராமி விருதே வாங்கினார். படித்த கல்லூரியையும் அவர் மறக்கவில்லை. டாண்டன் பெயரைத் தாங்கிய வணிக மேலாண்மைப் பள்ளி இன்று தாம்பரத்திலேயே இருக்கிறது.