தனி இசைக்கு ஓர் அளவுகோல், குழு இசைக்கு வேறோர் அளவுகோல்

இளம் இசைக் கலைஞர்களை மதிப்பிடும்போது தனி நிகழ்ச்சியையும் குழு நிகழ்ச்சியையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. தனியாக அருமையாகப் பாடும் மாணவி குழுவில் தடுமாறலாம். தனியே மேடையேறத் தயங்கும் மாணவன் குழுவின் தாளத்தையே தாங்கிப் பிடிக்கலாம்.

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழாவில் இந்த இரண்டு வகைப் போட்டிகளும் உண்டு. தொண்டாமுத்தூர் வட்டாரத்து மாணவர் ஒருவர் முதலில் தம் பள்ளியிலும், அடுத்து வட்டார அளவிலும், பிறகு கோவை மாவட்ட அளவிலும் வென்றால் மாநிலப் போட்டிக்குச் செல்லலாம். அங்கே சிறந்து விளங்குவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் வழங்கப்படுகின்றன.

தனிப்பாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது சுருதி. அடுத்தவை தாளம், சொல் தெளிவு, பாடாந்தரச் சுத்தம், உணர்ச்சி வெளிப்பாடு ஆகியவை. மேல்நிலை மாணவராக இருந்தால் ஆலாபனை, நிரவல், கற்பனை சுவரம் ஆகியவற்றில் மனோதர்மமும் பார்க்கப்படும். மகரக்கட்டு வயதில் உள்ள சிறுவனின் குரல் அவன் வசத்தில் இராது. அதனால் எந்தக் கட்டையில் பாடுவது என்பதை மாணவரே முடிவு செய்ய விட வேண்டும். மேல் ஸ்தாயியை எட்டுவதே திறமை என்று கருதினால் இத்தகைய பிள்ளைகளுக்கு அநீதி நேரும்.

மிருதங்கம், தவில் போன்ற கருவிகளில் நாதத் தெளிவும் காலப் பிரமாணமும் முக்கியம். கோர்வை உரிய இடத்தில், சமத்திலோ பாட்டின் எடுப்பிலோ, சரியாக வந்து முடிகிறதா என்பது ஐயமின்றிச் சரிபார்க்கக்கூடிய ஒன்று.

குழு இசையின் உயிர், பிறர் வாசிப்பதைக் கேட்பதில் இருக்கிறது. எல்லாரும் ஒன்றாகத் தொடங்குகிறார்களா, ஒன்றாக நிறுத்துகிறார்களா, ஒருவரின் ஓசை மற்றவரை அமுக்கிவிடுகிறதா, வேகம் தானாக ஏறிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொங்குப் பகுதிக்குப் பழக்கமான பறை, துடும்பு, உறுமி ஆகியவற்றில் உற்சாகம் கூடும்போது காலம் ஓடிவிடுவது இயல்பு. அதைத் தாங்கி நிறுத்துவதே குழுவின் திறமை. பறையைத் தீயில் காய்ச்சி ஓசையைப் பதப்படுத்துவது போன்ற கருவிப் பராமரிப்பும் கலைஞரின் பயிற்சியைக் காட்டும். ஒருவர் தவறும்போது மற்றவர்கள் தடுமாறாமல் அவரை மீண்டும் தாளத்துக்குள் கொண்டுவந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு.

மதிப்பெண்ணைக் கூறுகளாகப் பிரிப்பதற்கு, தமிழ்நாட்டிலும் பலர் எழுதும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வழக்கமான அமைப்பில் 100 மதிப்பெண்ணில் 66, மூன்று இசைப்பாடங்களுக்கு உரியது. ஒவ்வொரு பாடத்துக்குமான 22 மதிப்பெண்ணும், பிழையின்றித் தங்குதடையில்லாமல் வாசித்தலுக்கு 7, நுட்பத்துக்கு 7, கேட்போரிடம் இசையைக் கொண்டுசேர்த்தலுக்கு 8 என்று பிரியும். 60 எடுத்தால் தேர்ச்சி, 87 எடுத்தால் உயர் சிறப்பு. எங்கே குறைந்தது என்பது மாணவருக்கு இதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

நடுவர்களுக்கும் ஒழுங்கு தேவை. முதலில் மேடையேறுபவருக்குக் கஞ்சமாகவும் கடைசியில் வருபவருக்குத் தாராளமாகவும் மதிப்பெண் விழுவது உண்டு. உடையும் ஒலிபெருக்கியும்கூட முடிவைத் திசைதிருப்பும். ஆகவே நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். தம்மிடம் பயிலும் பிள்ளைக்கு எவரும் நடுவராக அமரக் கூடாது.

வெற்றி பெறுவோர் சிலர்தான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாருமே. மதிப்பெண்ணோடு, எது நன்றாக இருந்தது, அடுத்து எதைப் பயில வேண்டும் என்று இரண்டு வரியேனும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதித் தருவதை நடுவர்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.